நான்கு மீட்டருக்குள் ஏழு ஆசனங்கள்

குடும்பத்துக்கு ஒரு கார் வாங்கலாம் என்ற யோசனை எழுந்தவுடன் நம் வீடுகளில் முதலில் கேட்கப்படுவது யந்திரத்தின் சக்தியும் அன்று, விலையும் அன்று. எல்லோரும் ஏறிக்கொள்ள முடியுமா என்பதே. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று குடும்ப நல விளம்பரங்கள் பல ஆண்டுகளாகச் சுவர்களில் வரைந்து காட்டிய நால்வர் குடும்பத்துக்கு, ஐந்து ஆசனமுள்ள எந்தச் சிறிய காரும் தாராளமாகப் போதும். ஆனால் ஆடி மாதத்தில் குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் புறப்படும் குடும்பம் அந்தச் சுவர்ச் சித்திரத்துக் குடும்பமாக இருப்பதில்லை. தாத்தாவும் பாட்டியும், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அத்தையும் அதில் சேர்ந்துவிடுகிறார்கள். வெண்கலப் பானையும் விறகுக் கட்டும்கூடச் சேர்ந்துவிடுகின்றன. இந்த இரண்டு குடும்பங்களும் உண்மையில் ஒன்றே என்பதும், வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் முதலாவதாக இருந்து, மிகச் சில நாட்களில் மட்டும் அது இரண்டாவதாகப் பெருகுகிறது என்பதுந்தான், மலிவான ஏழு ஆசன வண்டியைப் பற்றிய விசாரணை முழுவதற்கும் அடிப்படையான விஷயம்.

இங்கே பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படுபவை, ஷோரூம்களில் ‘செவன் சீட்டர்’ என்ற பொதுப் பெயரால் விற்கப்படும் வாகனங்களில் மிகச் சிறியவையும் மலிவானவையும் மட்டுமே. இன்னோவா போன்ற பெரிய வண்டிகள் எவ்வளவு சிறப்புடையவையாயினும், மாதச் சம்பளத்திலிருந்து தவணை கட்டும் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டபடியால், அவற்றை அவ்வப்போது ஓர் அளவுகோலாக நினைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வோம்.

குறைந்த நீளத்தில் அதிகம் பேரை உட்கார வைப்பது எவ்வாறு என்ற பிரச்சினை புதியதன்று. இத்தாலியில் 1956-ஆம் ஆண்டில் ஃபியட் கம்பெனியார் ‘600 மல்டிப்லா’ என்றொரு வாகனத்தை வெளியிட்டனர். சுமார் மூன்றரை மீட்டர் நீளத்தில் மூன்று வரிசைகளாக ஆறு பேர் உட்காரக்கூடிய அந்த வண்டியின் யந்திரம் 633 சி.சி. அளவே உடையது, அதுவும் பின்புறத்தில் ஒடுங்கியிருந்தது. ஓட்டுபவரை முன் சக்கரங்களுக்கு நேர் மேலே கொண்டுவந்து வைத்து, பானெட் என்ற பகுதியை அடியோடு நீக்கிவிட்டதனாலேயே அந்த அற்புதம் சாத்தியமாயிற்று. நம் நாட்டில் 1984-இல் மாருதி வேனாக வந்து, பிற்பாடு ஆம்னி என்று பெயர் பெற்ற வண்டியும் ஏறக்குறைய இதே தத்துவத்தைக் கைக்கொண்டது, 796 சி.சி. யந்திரம் முன் ஆசனங்களுக்குக் கீழே அடங்கிவிட, 3.4 மீட்டருக்கும் குறைந்த நீளத்தில் எட்டுப் பேர் வரை உட்கார இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும், ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நோயாளிகளையும், மளிகைக் கடை மூட்டைகளையும் பேதமின்றிச் சுமந்த அந்த வண்டியின் இழுவைக் கதவு, நமது சினிமாக்காரர்களுக்கும் மிகவும் பிடித்துப் போனபடியால், ஆள் கடத்தும் காட்சி எதுவும் அது இல்லாமல் நடைபெறாது என்ற நிலைமை ஏற்பட்டது வேறு விஷயம்.

இடத்தைப் பொறுத்தவரை இத்தனை லாபகரமான அந்த அமைப்புக்கு ஒரு கொடிய விலையும் இருந்தது. எதிரில் ஏதேனும் வந்து மோதினால், அந்த அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு நசுங்குவதற்கு, ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் தகரத்தைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. பாதுகாப்பு விதிகள் கடுமையாகிக்கொண்டே வந்த காலத்தில் அதற்குப் பதில் சொல்ல இயலாத ஆம்னி, 35 ஆண்டுகள் ஓடிய பிறகு, 2019-இல் உற்பத்தியிலிருந்து விடைபெற்றது. மனிதர்கள் உட்காரும் இடத்துக்கு முன்னால் நசுங்கிக்கொடுக்க ஒரு பகுதி வேண்டும் என்பது ஏற்கப்பட்டவுடனே, நீளத்தில் ஒரு பங்கு பிரயாணிகளுக்குப் பயன்படாமற் போகிறது. மீதமுள்ள நீளத்தில் மூன்று வரிசைகளை அடக்குவது என்பதே அதன் பிறகு வந்த பொறியாளர்களுக்கு வாய்த்த கணக்கு.

லாரியைப் போல் கனத்த இரும்புச் சட்டத்தின் மீது கூண்டைப் பொருத்தி, டீசல் யந்திரத்தை முன்னால் வைத்து, பின் சக்கரங்களை ஓட்டும் வண்டிகள் மற்றொரு மரபைச் சேர்ந்தவை. 1994-இல் வந்த டாட்டா சுமோவும், 2000-இல் வந்த டொயோட்டா குவாலிஸும், 2004-இல் வந்த செவர்லே டவேராவும் இம்மரபில் புகழ் பெற்றன. இந்தோனேஷியாவில் 1977 முதல் ஓடி வந்த கிஜாங் என்னும் வாகனத்தின் வம்சத்தில் பிறந்ததே குவாலிஸ். 2005-இல் அதன் இடத்தைப் பிடித்த இன்னோவாவும் அதே வம்சந்தான். உழைப்புக்கு அஞ்சாதவை இவை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டு செல்லும் தண்டு அடியில் ஓடுவதனால் தளம் உயர்ந்து, மூட்டு வலியுள்ள பாட்டி ஒரு கையால் கதவையும் மறு கையால் பேரனின் தோளையும் பற்றிக்கொண்டே ஏற வேண்டியிருந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை நம் நாட்டில் நிலைநாட்டியது, 2012 ஏப்ரலில் வெளிவந்த மாருதி சுசுகி எர்டிகா. சாதாரணச் சிறு காரின் அடித்தளத்தை நீட்டி, முன் சக்கரங்கள் ஓட்டும் அமைப்பிலேயே மூன்றாவது வரிசையைச் சேர்த்ததனால், தளம் தாழ்ந்தது, எடை குறைந்தது, ஓட்டுபவருக்கும் கார் ஓட்டுவது போன்ற உணர்வே இருந்தது. 2018 நவம்பரில் புதிய உருவம் பெற்ற எர்டிகாவின் நீளம் 4,395 மில்லிமீட்டர்; சக்கரங்களின் இடைத்தூரம் 2,740 மில்லிமீட்டர்; யந்திரம் 1,462 சி.சி. தொடக்கத்தில் இதற்குப் பெரும் பலமாக இருந்த டீசல் யந்திரம் 2020-இல் புகை விதிகள் மாறியபோது கைவிடப்பட, அதன் இடத்தைப் பெட்ரோலும் சி.என்.ஜி.யும் பங்கிட்டுக்கொண்டன.

எர்டிகாவைக் கண்டு களத்தில் இறங்கியவர்கள் பலர். 2013-இல் செவர்லே என்ஜாய், 2014-இல் ஹோண்டா மொபிலியோ, 2015-இல் ரெனோ லாட்ஜி, 2018-இல் மஹிந்திரா மராஸோ என்று வரிசையாக வந்தவை எல்லாம் இன்று விலைப்பட்டியலில் இல்லை. இவற்றுள் மராஸோவின் கதை சிந்தனைக்குரியது. குளோபல் என்கேப் என்ற அமைப்பு நடத்திய மோதல் பரீட்சையில், பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் பெற்ற வண்டி அது. பரீட்சையில் அதைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய எர்டிகா மேலும் மேலும் விற்க, மராஸோ சந்தடியில்லாமல் மறைந்தது. வாங்குபவர்கள் பாதுகாப்பை மதிப்பதில்லை என்று இதற்குப் பொருள் கூறுவோர் உண்டு. ஆனால், சின்ன ஊர்களிலும் சர்வீஸ் நிலையம், எந்த மெக்கானிக்கின் கடையிலும் உதிரிபாகம், ஐந்தாண்டு கழித்து விற்கப்போனால் கௌரவமான விலை ஆகிய மூன்றும் இல்லாத வண்டியை நடுத்தரக் குடும்பம் எவ்வளவு நல்லதாயினும் தொடத் தயங்கும் என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. டாக்சிக்காரர்கள் எர்டிகாவை விரும்பி வாங்கியதும் இக்காரணங்களாலேயே. மஞ்சள் போர்டில் அதிகம் ஓடும் வண்டியைக் கண்டு, அதுவே குடும்பத்துக்கும் உத்தமம் என்று முடிவு கட்டுபவர்கள், தினமும் பல மணி நேரம் ஓடும் வண்டியின் கணக்கும் வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படும் வண்டியின் கணக்கும் வேறு என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இனி, இந்த விஷயத்தில் பொறியாளர்களைவிட அதிகமாகக் கைவைத்தவராகிய நிதி அமைச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நீளம் நான்கு மீட்டரைத் தாண்டாமலும், யந்திரம் பெட்ரோலானால் 1,200 சி.சி.யையும் டீசலானால் 1,500 சி.சி.யையும் தாண்டாமலும் இருக்கும் கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. அன்று போடப்பட்ட அந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. விகிதங்களின்படி, கோட்டுக்கு இப்பால் நிற்கும் காருக்கு வரி 18 சதவீதம். அப்பால் நிற்பதற்கு 40 சதவீதம். தொழிற்சாலை வாசலில் ஆறு லட்சம் மதிப்புள்ள ஒரு வண்டி, நான்கு மீட்டருக்குள் இருந்தால் 7.08 லட்சத்துக்கும், ஒரு விரற்கடை கூடியிருந்தால் 8.40 லட்சத்துக்கும் வாங்குபவரிடம் வந்து சேரும் என்றால், உள்ளே எத்தனை பேர் உட்காரலாம் என்பதைப் பொருட்படுத்தாத இந்த வரி, ஏழு பேரைச் சுமக்கும் ஒரே வண்டியைத் தண்டித்து, இருவர் மட்டும் பவனி வரும் குட்டைக் காருக்குச் சலுகை காட்டுகிறது என்பது வெளிப்படை. ஒரு காரில் ஏழு பேர் போனால் சாலையில் இன்னொரு கார் குறைகிறது என்ற சாதாரண உண்மைக்கு வரிச் சட்டத்தில் இடமில்லாமற் போனது விசித்திரந்தான்.

தமிழ்நாட்டில் வாங்குபவருக்கு இன்னொரு கோடும் உண்டு. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுட்கால சாலை வரி, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டுப் பத்து லட்சம் வரை 13 சதவீதமாகவும், அதற்கு மேல் இருபது லட்சம் வரை 18 சதவீதமாகவும் இருக்கிறது. 9.9 லட்சத்துக்கும் 10.1 லட்சத்துக்கும் வண்டி விலையில் உள்ள வித்தியாசம் இருபதாயிரம் ரூபாய்; வரியில் உள்ள வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கும் மேல். எர்டிகாவின் உயர்ந்த மாதிரிகளும் ஆட்டோமேட்டிக் மாதிரிகளும் இந்த எல்லையைத் தாண்டியே நிற்பதால், எக்ஸ்-ஷோரூம் விலையைக் கேட்டு மயங்காமல், ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்கிப் பார்ப்பது அவசியம்.

வரிக் கோட்டுக்குள்ளேயே ஏழு ஆசனங்களையும் திணித்துவிட முடியுமா என்று முயன்றவர்களில் முக்கியமானது நிஸான் கம்பெனியாரின் டாட்ஸன் கோ பிளஸ். சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகி, 2015 ஜனவரியில் 3.79 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்த அந்த வண்டியின் நீளம் 3,995 மில்லிமீட்டர். ஆனால் அதன் மூன்றாவது வரிசை, மனிதர்களுக்காக அன்றி விளம்பரத்துக்காகவே அமைக்கப்பட்டதோ என்று சந்தேகிக்கும்படி இருந்தது. கால் வைக்க இடமில்லாத அந்தப் பலகையில் பத்து வயதுப் பிள்ளைகூட நெடுந்தூரம் பொறுமையாக இருந்திருக்க முடியாது. ஏழு என்ற எண்ணிக்கையை மாத்திரம் நிறைவேற்றி, ஏழு மனிதர்களை மறந்த உதாரணமாக அதைக் கூறலாம்.

அதே ஒரகடத்து ஆலையில் தயாராகி, 2019 ஆகஸ்டில் வெளிவந்த ரெனோ டிரைபர், அந்தத் தவற்றிலிருந்து பாடம் படித்துக்கொண்டு பிறந்தது. ஆரம்ப விலை அப்பொழுது 4.95 லட்சம், 2025-இல் ஆறு காற்றுப்பைகளோடு புதுப்பிக்கப்பட்டு, வரி குறைந்த பிறகு, 5.76 லட்சம். நீளம் 3,990 மில்லிமீட்டர்தான். எனினும் சக்கரங்களின் இடைத்தூரம் 2,636 மில்லிமீட்டர் என்பதைக் கவனிக்க வேண்டும். நானூறு மில்லிமீட்டருக்கு மேல் நீண்ட எர்டிகாவுக்கும் இதற்கும் இடைத்தூரத்தில் உள்ள வேறுபாடு நூறு மில்லிமீட்டரை ஒட்டியதே. மூன்று சிலிண்டர் கொண்ட 999 சி.சி. யந்திரம் குறுகிய இடத்தில் அடங்கிவிடுவதால் மூக்கைச் சுருக்கி, சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளி, கூரையைப் பின்பாகத்தில் சற்றே உயர்த்தி, கிடைத்த இடத்தையெல்லாம் உள்ளிருப்பவர்களுக்கே கொடுத்துவிட்ட அந்தப் பொறியியல் சாமர்த்தியம் மெச்சத்தக்கது. நடு வரிசையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதன் சாய்மானத்தையும் மாற்றலாம். இதனால் கால் வைக்கும் இடத்தை நடு வரிசைக்காரரும் கடைசி வரிசைக்காரரும் பேசிப் பங்கிட்டுக்கொள்ள முடிகிறது.

ஆனால் டிரைபரின் உண்மையான விசேஷம் மூன்றாவது வரிசையில் இல்லை. அந்த வரிசையைக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம் என்பதில் இருக்கிறது. கடைசி வரிசையின் இரண்டு ஆசனங்களும் தனித்தனியானவை. ஒருவரே தூக்கக் கூடியவை. ஏழு பேரும் உட்கார்ந்திருக்கும்போது டிக்கியில் கிடைக்கும் இடம் 84 லிட்டர். அதாவது இரண்டு பள்ளிக்கூடப் பைகள். ஒரு ஆசனத்தைக் கழற்றி ஆறு பேருக்கான வண்டியாக்கினால் 320 லிட்டர். இரண்டையும் கழற்றினால் 625 லிட்டர். கடைசி எண்ணிக்கை, இதைப் போல் இரண்டு மடங்கு விலையுள்ள பல கார்களிலும் காணக்கிடைக்காதது. ஆகவே வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் இது ஏராளமான டிக்கியுள்ள ஓர் ஐந்து ஆசனக் கார். குலதெய்வம் கோயிலுக்குப் போகும் நாளில் ஏழு ஆசன வண்டி. முதலில் கூறிய சுருங்கி விரியும் குடும்பத்துக்கு, சுருங்கி விரியும் வாகனம்.

இதில் விளம்பரங்கள் சொல்லாத ஒரு சங்கடமும் உண்டு. கழற்றிய ஆசனங்களை எங்கே வைப்பது? தனி வீட்டில் திண்ணையோ ஷெட்டோ இருந்தால் கவலையில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறைக் குடித்தனத்தில் இருப்பவர்கள், அவற்றைக் கட்டிலுக்கு அடியிலோ பால்கனியிலோதான் குடியேற்ற வேண்டும். பிரயாணத்தின் நடுவே மாமாவும் மாமியும் உடன் வருகிறோம் என்று கிளம்பினால், வீட்டில் கிடக்கும் ஆசனங்களால் பயன் இல்லை. எர்டிகாவின் மூன்றாவது வரிசையோ இருந்த இடத்திலேயே மடங்கிப் படுத்துக்கொள்கிறது; ஏழு பேர் உட்கார்ந்தபோது 209 லிட்டர், மடக்கினால் 550 லிட்டர். ஆசனங்கள் தரைக்குள்ளேயே மறைந்துவிடும் முறையை 1999-இல் ஐரோப்பாவில் ஓபல் ஸஃபீரா கொண்டுவந்து பெயர் பெற்றது. அத்தனை நுணுக்கம் எர்டிகாவில் இல்லையாயினும், ஆசனம் வண்டியோடேயே இருக்கிறது என்பது சிறிய சௌகரியமன்று.

கடைசி வரிசையில் யார் உட்காருவது என்பது நம் குடும்பங்களில் பேசாமலே தீர்மானமாகிவிடும் விஷயம். வயதில் இளையவர்களே அங்கே அனுப்பப்படுகிறார்கள். நடு ஆசனத்தை மடக்கி, முதுகை வளைத்து, ஒரு காலை முன்னே விட்டு உள்ளே நுழையும் அந்த வித்தை அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கைகூடுவதில்லை. உள்ளே நுழைந்தவர்களுக்கும், தளத்துக்கும் ஆசனத்துக்கும் இடைப்பட்ட உயரம் குறைவாக இருப்பதால், முழங்கால் நெஞ்சை நோக்கி எழும்பி நிற்கும். தொடைக்குத் தாங்கல் கிடைக்காது. டிரைபரிலும் இதே நிலைமைதான். எர்டிகாவில் சற்றே குறைவு. ஐந்தரை அடி உயரமுள்ளவர் ஒருவர் ஒரு மணி நேரம் இதைப் பொறுத்துக்கொள்வார். சென்னையிலிருந்து மதுரை வரை பொறுத்துக்கொள்ளச் சொல்வது தண்டனை. இந்த வண்டிகளைப் பார்வையிடப் போகும் குடும்பத் தலைவர்கள் ஓட்டுபவரின் ஆசனத்தில் மட்டும் அமர்ந்து திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புவதை ஷோரூம்களில் காண்கிறேன். டெஸ்ட் டிரைவின் பாதி நேரத்தைக் கடைசி வரிசையில் கழிப்பவர் எவரும் அகப்படுவதில்லை. குளிரூட்டி விஷயத்தில் மட்டும் இரண்டு வண்டிகளும் குறைகூற இடம் வைக்கவில்லை. இரண்டின் பின் வரிசைகளுக்கும் தனிக் காற்றுத் துவாரங்கள் இருக்கின்றன. சித்திரை வெயிலில் இது ஆடம்பரமன்று.

சக்தியின் கணக்கே டிரைபருக்குச் சோதனையான இடம். அதன் யந்திரம் தருவது 72 குதிரைசக்தி; சுழல் விசை 96 நியூட்டன் மீட்டர். வெறும் வண்டியின் எடை ஏறக்குறைய 950 கிலோ. ஆளுக்கு 65 கிலோ என்று கொண்டாலும் ஏழு பேருக்கு 455 கிலோ. சாமான்களைச் சேர்க்காமலே மொத்தம் 1,400 கிலோவைத் தாண்டுகிறது. வண்டி தன் எடையில் ஏறக்குறைய பாதியளவு சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். டன்னுக்கு 51 குதிரைசக்திதான் கிடைக்கிறது. ஏறத்தாழ 1,180 கிலோ எடையும் 103 குதிரைசக்தியும் உள்ள எர்டிகாவில் அதே ஏழு பேரோடு டன்னுக்கு 63 கிடைக்கும். சமவெளியில், நால்வரோடு, நகரத்தின் நெரிசலில் செல்லும்போது இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. டிரைபரின் லேசான கிளட்சும் குறுகிய உடலும் அங்கே எர்டிகாவைவிடச் சௌகரியமாகக்கூட இருக்கும். இருவழிச் சாலையில் லாரியை முந்த நினைக்கும்போதுதான் அந்த வேறுபாடு தலைகாட்டுகிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் டிரைபர் முதல் கியரையும் இரண்டாம் கியரையும் மாறி மாறி நாடி, குளிரூட்டியைச் சற்று நிறுத்தச் சொல்லிக் கெஞ்சி, எப்படியும் மேலே சேர்த்துவிடும்; கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏழு பேரோடு ஏற்றுபவருக்கு வண்டியைவிடப் பொறுமை அதிகம் தேவைப்படும். இத்தனைக்கும் பெரிய யந்திரமுள்ள எர்டிகா அதிகம் குடிப்பதில்லை. இரண்டுக்கும் அரசாங்கப் பரீட்சை கூறும் மைலேஜ் லிட்டருக்கு 20 கிலோமீட்டரை ஒட்டியதே. சிறிய யந்திரம் என்றால் சிக்கனம் என்ற நம்பிக்கை, சுமை கூடும்போது பொய்த்துப்போகிறது; மூச்சு வாங்கும் யந்திரத்தை விரட்டி ஓட்டுவதே பெட்ரோலுக்குப் பெருஞ்செலவு.

பாதுகாப்பைப் பற்றிக் கூறுவதில் சற்று நிதானம் வேண்டும். 2021-இல் குளோபல் என்கேப் பரீட்சையில் டிரைபர் பெரியவர்களுக்கு நான்கு நட்சத்திரமும் குழந்தைகளுக்கு மூன்று நட்சத்திரமும் பெற்றது. எர்டிகா 2019-இல் இரண்டிலும் மூன்று பெற்றது. 2022-இல் விதிகள் கடுமையாக்கப்பட்ட பிறகு, ஆப்பிரிக்காவில் விற்கப்படும் எர்டிகா 2024-இல் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரத்தோடு திரும்பியது. விதிகள் வேறாகிவிட்டபடியால், டிரைபரின் நான்கையும் இந்த ஒன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது நியாயமன்று. அந்தந்தப் பரீட்சையில் இரண்டு வண்டிகளின் கூண்டும் உறுதி குன்றியதாகவே குறிக்கப்பட்டது என்பதையும் மறைக்கலாகாது. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் அந்த முன்புற மோதலில், முன் ஆசனங்களில் பெரியவர்களைப் போன்ற இரண்டு பொம்மைகளும், நடு வரிசையில் குழந்தைகளைப் போன்ற இரண்டு பொம்மைகளும் வைக்கப்படுகின்றன. மூன்றாவது வரிசையில் எவரும் இல்லை. பின்னாலிருந்து மோதுவது பரீட்சையிலேயே இல்லை. பின் கதவுக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்த பிள்ளையின் தலைக்கும் இடையே இருப்பது அந்த 84 லிட்டர் டிக்கியின் அகலந்தான். நட்சத்திரங்களைக் கண்டு மகிழ்ந்து, குழந்தைகளைக் கடைசி வரிசையில் ஏற்றும் நம் வழக்கம் எவ்வளவு அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பது இதனால் விளங்கும். நெடுஞ்சாலைப் பிரயாணமானால் சிறு குழந்தைகளை நடு வரிசைக்குக் கொண்டுவந்து, வாலிபர்களைப் பின்னே அனுப்பி, எல்லோரும் பெல்ட் போட்டுக்கொள்ளச் செய்வதே விவேகம்; மடியில் ஒன்றும் இடுக்கில் ஒன்றுமாக ஏழு பேர் வண்டியில் ஒன்பது பேரை ஏற்றும் பழக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கே இல்லை.

செலவுக் கணக்கில் எளிமையான ஒரு கேள்வி இருக்கிறது. வருஷத்தில் நாலைந்து நாட்களே ஏழு பேர் பிரயாணம் செய்யும் குடும்பம், ஐந்து ஆசனக் காரை வைத்துக்கொண்டு, அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு வாடகை வேனை அமர்த்திக்கொண்டால் என்ன? எர்டிகாவைப் பொறுத்தவரை இது வலுவான கேள்வி. ஒன்பது லட்சத்தை ஒட்டித் தொடங்கும் அதன் விலைக்கும், நல்லதோர் ஐந்து ஆசனச் சிறு காரின் விலைக்கும் உள்ள இடைவெளியில் பல ஆண்டுகளுக்கான வேன் வாடகை அடங்கிவிடும். கூட்டுக் குடும்பமாக வாழ்ந்து, வாரந்தோறும் ஆறு ஏழு பேராகப் புறப்பட்டு, அடிக்கடி வெளியூர் செல்பவர்களுக்கே அந்த இடைவெளியைக் கொடுப்பது தகும். அத்தகையவர்களுக்கு எர்டிகாவைவிடச் சிறந்தது இந்த விலையில் இல்லை என்பதும் உண்மை. 4,540 மில்லிமீட்டர் நீளமுள்ள கியா காரென்ஸ், 2022-இல் 8.99 லட்சத்துக்கு வந்தபோது அந்த இடத்துக்குப் போட்டியாகத் தோன்றிற்று. பிறகு விலையேறி வேறொரு வகுப்புக்குப் போய்விட்டது. டிரைபரிடம் மேற்படி கேள்வி செல்லாது. ஐந்து ஆசனச் சிறு காரின் விலையே அதன் விலையும் ஆகையால், பின்னால் உள்ள இரண்டு ஆசனங்களும் கொசுறாகக் கிடைத்தவை. கொசுறைப் பயன்படுத்தாமல் விட்டால் நஷ்டமில்லை, பயன்படும் நாளில் லாபம். பழைய இன்னோவா ஒன்றை இதே பணத்துக்கு வாங்கலாம் என்று யோசனை கூறும் உறவினர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். ஆசனங்களைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் மீட்டர் ஒரு லட்சத்தைக் காட்டும் சந்தையில், வாங்கிய மறுவருஷம் வரும் பழுதுச் செலவையும் அவரே ஏற்பாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனையும் பார்த்த பிறகு, டிரைபரின்மேல் எனக்குள்ள மனக்குறை அதன் அமைப்பைப் பற்றியது அன்று, அதைச் செய்பவர்களின் சிக்கனத்தைப் பற்றியது. அதே ஒரகடத்து ஆலையில் தயாராகும் ரெனோ கைகர் என்ற ஐந்து ஆசன வண்டிக்கு, அதே 999 சி.சி. அளவில், டர்போ பொருத்தி 100 குதிரைசக்தி தரும் யந்திரம் பல ஆண்டுகளாகக் கிடைத்து வருகிறது. வரிக் கோட்டையும் அது மீறவில்லை. 2025-இல் டிரைபரைப் புதுப்பித்தபோது முகத்தையும் விளக்குகளையும் மாற்றி, காற்றுப்பைகளைக் கூட்டியவர்கள், அந்த யந்திரத்தை மட்டும் ஐந்து பேர் போகும் வண்டிக்கே விட்டுவைத்து, ஏழு பேர் போகும் வண்டியைப் பழைய 72 குதிரைசக்தியோடேயே அனுப்பியிருக்கிறார்கள். டர்போ வந்தால் விலை ஒன்றரை லட்சமாவது கூடி எர்டிகாவின் விலைக்கு அருகே போய்விடும் என்று கம்பெனியார் அஞ்சுகிறார்கள் போலும். சமவெளியிலேயே சுற்றுபவருக்கு இன்றுள்ள யந்திரமே போதும். வருஷத்துக்கு இருமுறையாவது ஏழு பேரோடு கொல்லிமலை ஏறுபவர், அந்த ஒன்றரை லட்சத்தை மறுக்காமல் கொடுப்பார்.